ஆடாத திருகு: மணாலி முதல் நுப்ரா வரை

ஞாயிறு, மணாலி

நாளை காலை லே பாதையில் ஏறுகிறோம். சண்டிகர் வரை ரயிலில் வந்த வண்டிகள் நேற்றிரவு நல்லபடியாக மணாலி சேர்ந்துவிட்டன. மூன்று பேர், மூன்று வண்டி. என் ஹிமாலயனில் இருபுறமும் அலுமினியப் பெட்டிகள். மதுரை நண்பன் வண்டியின் பின்னால் ஒரு பிளாஸ்டிக் டாப் பாக்ஸ். கோவை அண்ணன் தன் பழைய புல்லட்டில் கித்தான் பைகளைத் தொங்கவிட்டு பெல்ட் போட்டுக் கட்டியிருக்கிறார். அவர் பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவர். கிளம்பும்போதே ஒரு டூல் பையும், அதற்குள் நட்டு போல்ட்டுகள் நிறைந்த ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலும் எடுத்துக்கொண்டு வந்தார்.

லே பயணம் பற்றி எழுதுபவர்கள் கணவாய்களைப் பற்றியும் மூச்சு வாங்குவதைப் பற்றியும் ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டார்கள். நான் இந்த முறை பெட்டிகளின் கொண்டிகளைப் பற்றியும், அந்தக் கொண்டிகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் திருகுகளைப் பற்றியும் எழுதலாம் என்றிருக்கிறேன். சின்ன விஷயம்தான். ஆனால் என் குளிராடைகள், தூங்கும் பை, மருந்து, அண்ணனின் பையில் கொள்ளாத கருவிகள் எல்லாம் அந்தப் பெட்டிகளுக்குள்தான் இருக்கின்றன. 4,000 மீட்டருக்கு மேலே ஒரு மூடி திறந்துகொண்டு தூங்கும் பை ஆற்றில் போனால், அன்று ராத்திரியை எப்படிக் கழிப்பது என்பது விளையாட்டான கேள்வி இல்லை.

என் பெட்டியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பின்னால் வருவது புரியும். கொண்டியின் அடிப்பாகம் பெட்டிச் சுவரில் நான்கு எம்5 (5 மில்லிமீட்டர் விட்டம்) திருகுகளால் பிடிக்கப்பட்டிருக்கிறது. தலை வெளியே, நட்டு உள்ளே. நட்டுக்கு அடியில் ஒரு ஸ்பிரிங் வாஷர். மூடியில் கொண்டி போய் மாட்டும் காதுக்கு இரண்டு திருகுகள். அங்கே மூடியின் விளிம்பு மடிந்திருப்பதால் உள்ளே கைவிட்டு நட்டுப் போட இடமில்லை. அதனால் மூடியிலேயே ரிவெட் நட்டு (தகட்டின் துளையில் நசுக்கிப் பொருத்தும் நட்டு) அடித்து, அதில் திருகை முறுக்கியிருக்கிறார்கள். பொருத்தித் தந்தது வாங்கிய கடையில். கீழே தார்ச் சாலையில் ஓட்டியபோதே இடதுபக்கக் கொண்டி லேசாகச் சத்தம் போட்டது. இறுக்கிவிட்டு வந்திருக்கிறேன். மலையில் என்ன ஆகிறதென்று பார்ப்போம்.

திங்கள், ஜிஸ்பா

அடல் சுரங்கப்பாதை 9.02 கிலோமீட்டர். 2020 அக்டோபரில் திறந்தார்கள். அதற்கு முன்னால் ரோதாங் கணவாயின் 3,978 மீட்டர் உயரத்தை ஏறி இறங்காமல் லாஹௌல் பக்கம் போக முடியாது. இப்போது பச்சைப் பசேலென்ற பள்ளத்தாக்கில் நுழைந்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் மரங்களே குறைந்துபோன வறண்ட பள்ளத்தாக்கில் வெளியே வருகிறோம். தண்டியில் சந்திராவும் பாகாவும் கலக்கின்றன. அங்கேதான் பெட்ரோல் பங்க். 'அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்' என்ற பலகையால் பெயர்பெற்ற இடம். டேங்க் நிறைய அடித்து, கேனிலும் பிடித்துக்கொண்டோம். கேலாங்கில் ராஜ்மா சாவல். ஜிஸ்பாவில் பாகா ஆற்றங்கரையில் ஒரு வீட்டில் தங்கல்.

வந்ததும் பெட்டிகளைக் கழற்றி அறைக்குள் வைத்து, கொண்டிகளை ஒவ்வொன்றாக விரலால் ஆட்டிப் பார்த்தேன். வலது பெட்டி அசையவில்லை. இடது பெட்டியில் கீழ் இரண்டு திருகுகள் விரலாலேயே சுற்றின. திறந்து துணிகளை எடுத்துப் பார்த்தால், அடியில் ஒரு நட்டும் ஒரு ஸ்பிரிங் வாஷரும் தனியாகக் கிடக்கின்றன. கிளம்பும் முன் நன்றாக முறுக்கிய நட்டுதான் அது.

அண்ணன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கொண்டியைப் பூட்டினார், திறந்தார், மறுபடி பூட்டினார்.

"பாரு தம்பி, பூட்டும்போது தகடு பக்கவாட்டுல அசையுது. வண்டி குலுங்கும்போதும் இதேதான் நடக்கும். நட்டு தானா சுத்தி வெளிய வரல. தகடுதான் அசைஞ்சு அசைஞ்சு அதை வெளிய அனுப்புது."

"அப்ப இன்னும் நல்லா முறுக்கினா போதாதாண்ணா?"

"முறுக்கலாம். எவ்வளவுதான் முறுக்குவ? இத்தனூண்டு போல்ட்டு, மெல்லிசு தகடு. ரொம்ப முறுக்கினா மரை போயிரும்."

அண்ணன் சொன்னது பட்டறை அனுபவத்தில் வந்தது. இதையே கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1969இல் சோதனை செய்து எழுதியிருக்கிறார். திருகை முறுக்கும்போது அது மிக நுண்ணிய அளவில் நீளுகிறது. நீண்ட திருகு பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்ப்பதால் இரண்டு தகடுகளையும் சேர்த்து அழுத்துகிறது. அந்த அழுத்தத்தால் வரும் உராய்வுதான் நட்டைச் சுற்றவிடாமல் நிறுத்துவது. திருகின் நீளவாக்கில் எவ்வளவு குலுக்கினாலும் பெரிய சேதம் இல்லை. ஆனால் தகடுகள் குறுக்குவாட்டில் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க ஆரம்பித்தால், அந்த வழுக்கலிலேயே உராய்வு செலவாகிப் போகிறது. சுற்றுவதைத் தடுக்க மிச்சம் இருப்பதில்லை. மரை சரிவாகத்தானே போகிறது? ஒவ்வொரு அசைவிலும் நட்டு அந்தச் சரிவில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடுகிறது. கொண்டி வேலை செய்வதே பக்கவாட்டு இழுப்பால் என்பதால் மோட்டார் சைக்கிள் பெட்டிக்கு இந்தத் தொல்லை பிறவியிலேயே உண்டு.

இன்னும் இரண்டு காரணங்கள் இந்தப் பெட்டியிலேயே தெரிகின்றன. கொண்டித் தகடும் பெட்டிச் சுவரும் சேர்ந்தே சில மில்லிமீட்டர் தடிமன்தான். அவ்வளவு குட்டையான திருகு நீளுவதும் மிகக் குறைவு. எங்காவது தலைமுடி அளவு அமுங்கினாலும் அந்த நீட்சி முழுவதும் போய்விடும். அமுங்குவதற்கு வேறு எதுவும் தேவையில்லை, திருகுத் தலைக்கு அடியில் இருக்கும் பவுடர் கோட்டிங்கே போதும். பெயிண்ட் மேல் உட்கார்ந்த திருகை முதல் நாள் எவ்வளவு முறுக்கினாலும் அடுத்த நாள் கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கும்.

ஸ்பிரிங் வாஷர் பற்றி நம் ஊரில் பெரிய நம்பிக்கை உண்டு. நட்டு கழலக்கூடாதா, ஒரு ஸ்பிரிங் வாஷர் போடு என்பார்கள். சரியாக முறுக்கிய திருகின் அழுத்தத்துக்கு முன்னால் அந்த வளையத்தின் விசை மிகச் சிறியது. அது தட்டையாகி, சாதாரண வாஷர் போலக் கிடக்கும். பக்கவாட்டு அசைவுச் சோதனையில் ஸ்பிரிங் வாஷர் போட்ட நட்டும் கழன்றுதான் வருகிறது. என் பெட்டிக்குள் கிடந்த ஜோடியே அதற்குச் சாட்சி.

அண்ணன் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்து நைலாக் நட்டுகளைத் தேடி எடுத்தார். நட்டின் வாயில் நைலான் வளையம் இருக்கும், திருகு அதை நெருக்கி விலக்கிக்கொண்டு நுழையும், அந்தப் பிடி தளராது. அழுத்தம் குறைந்தாலும் நட்டு இருந்த இடத்தில் நிற்கும், பெட்டிக்குள் உதிராது. இடது கொண்டியின் நான்குக்கும் அதையே போட்டோம். மெல்லிய தகட்டில் அழுத்தம் ஒரே புள்ளியில் விழாமல் இருக்க உள்பக்கம் அகலமான வாஷர். நட்டைத் தாண்டி இரண்டு மரையாவது வெளியே தெரிய வேண்டும் என்று அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்தார். தெரியாவிட்டால் நைலான் முழுதாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

முறுக்கும் அளவுக்கு அவரிடம் ஒரு கணக்கு இருக்கிறது. எம்5க்கு 5 நியூட்டன் மீட்டர் போதும். கையில் டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இல்லாவிட்டால், 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ஆலன் கீயின் நுனியில் 5 கிலோ எடை தொங்கினால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு. இரண்டு விரலால் இழுத்தால் வந்துவிடும், முழங்கையை மடக்க வேண்டியதில்லை. நைலாக் நட்டில் நைலானின் தடை இருக்கும், அதைத் தாண்டி இந்த அளவு.

கடைசியில் டூல் பையிலிருந்து ஒரு சிவப்பு நகப்பூச்சு பாட்டில் வந்தது. ஒவ்வொரு திருகுத் தலையிலிருந்தும் பக்கத்துத் தகடுவரை ஒரு மெல்லிய கோடு இழுத்தோம். உள்ளே நட்டிலும் அப்படியே. திருகு கொஞ்சம் சுற்றினாலும் கோடு உடைந்து விலகித் தெரியும். காலையில் கருவியே எடுக்க வேண்டாம், பார்த்தால் போதும். விமானப் பராமரிப்பிலும் இதற்கென்றே விற்கும் வண்ணத்தால் இப்படித்தான் கோடு போடுகிறார்கள்.

மூடிக் காதின் ரிவெட் நட்டுகளுக்கு நைலாக் போட வழியில்லை. அங்கே மரையில் விடும் லாக்டைட் பசைதான் மருந்து. ஆனால் இந்தக் குளிரில் அது சீக்கிரம் பிடிக்காது. இன்றைக்கு முறுக்கி, கோடு மட்டும் போட்டிருக்கிறேன். மற்றதை லேயில் பார்த்துக்கொள்வோம்.

செவ்வாய், சர்ச்சு

(என் போனில் சிக்னல் இல்லை. இதை லே போய்த்தான் ஏற்ற முடியும்.)

தார்ச்சா, தீபக் தால், ஜிங் ஜிங் பார், சூரஜ் தால், பாரலாச்சா லா. கணவாயின் உயரம் சுமார் 4,890 மீட்டர். சூரஜ் தாலில் நின்றபோது மூவருமே பேசாமல் அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாகா ஆறு இங்கேதான் பிறக்கிறது. நேற்றிரவு எங்கள் ஜன்னலுக்கு வெளியே இரைந்த அதே தண்ணீர்.

பாதை பல இடங்களில் நல்ல தார். நடுநடுவே உருகிய பனிநீர் சாலையை அறுத்துக்கொண்டு ஓடும் நாலாக்கள். மதியத்துக்கு மேல் வெயிலில் பனி உருகி நீர்வரத்து கூடும், அதனால் சீக்கிரமே கிளம்பினோம். தண்ணீருக்கு அடியில் உருண்டைக் கற்கள். முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கும்போது பின்னால் பெட்டிகள் மொத்தமாகத் தூக்கிப் போடும். ஸ்பீட் பிரேக்கரில் வரும் குலுக்கல் மாதிரி அல்ல இது. பக்கவாட்டில் வரும் அடி.

பரத்பூர் கூடாரக் கடையில் மேகி சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது மதுரைக்காரன் கூப்பிட்டான்.

"மாப்ள, இங்க வா. மூடி ஆடுதுடா."

டாப் பாக்ஸின் கொண்டியைப் பிடித்திருந்த மூன்று திருகுகளில் ஒன்றைக் காணோம். இன்னொன்று முறுக்க முறுக்கச் சும்மா சுற்றுகிறது. அவன் பெட்டியில் நட்டே கிடையாது. கூர்நுனித் திருகு பிளாஸ்டிக்கிலேயே மரை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த மரை தேய்ந்துவிட்டது.

அவன் என் பையிலிருந்து லாக்டைட் பாட்டிலை எடுத்து மூடியைத் திறப்பதற்குள் அண்ணன் கையைப் பிடித்துவிட்டார். "அதுல விடாத கண்ணு. பெட்டி வெடிச்சுரும்."

ஹார்டு பிளாஸ்டிக் பெட்டி வைத்திருப்பவர்கள் இதைக் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏபிஎஸ், பாலிகார்பனேட் மாதிரி பிளாஸ்டிக்குகளில் இந்தப் பசை பட்டால், ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கும் இடங்களில் மெல்லிய விரிசல்கள் விழும். இன்றே தெரியாது. சில நாள் கழித்துத் திருகைச் சுற்றிலும் நரம்பு நரம்பாக ஓடி, ஒருநாள் கொண்டியோடு சேர்ந்து துண்டே கையில் வந்துவிடும். அதோடு, அந்தப் பசை இறுகுவதற்கு உலோகம் வேண்டும். ஒருபக்கம் பிளாஸ்டிக் என்றால் சரியாக இறுகவும் இறுகாது.

மிச்சம் பிடிப்போடு இருந்த திருகை அண்ணன் இறுக்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் கழற்றும் திசையில் மெதுவாகச் சுற்றினார். ஓரிடத்தில் 'டிக்' என்று திருகு லேசாகக் கீழே விழுந்தது. பழைய மரையின் வாய் அதுதான். அங்கிருந்து வலப்பக்கம் முறுக்கினார். பிளாஸ்டிக்கில் திருகைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் இப்படிச் செய்தால் அது பழைய தடத்திலேயே போகும். நேராக அழுத்தி முறுக்கினால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு மரை வெட்டும். அப்படி வெட்டி வெட்டித்தான் பிளாஸ்டிக் பொடியாகிப் போகிறது.

ஒரு திருகை மட்டும் நம்பி சர்ச்சு வரை போக முடியாது. பழைய ட்யூபை நீளவாக்கில் வெட்டிய ரப்பர் பட்டை அண்ணனிடம் இருந்தது. டாப் பாக்ஸை மூடியோடு சேர்த்து, கேரியருக்கு அடியில் கொடுத்து இரண்டு சுற்று இழுத்துக் கட்டினோம். ரப்பர் நீண்டு கொடுப்பதால் எவ்வளவு குலுங்கினாலும் முடிச்சு தளராது. கயிறு நீண்டு கொடுக்காது, சீக்கிரம் தொளதொளத்துவிடும்.

சர்ச்சு சுமார் 4,300 மீட்டர். தலைவலி லேசாக இருக்கிறது, நிறையத் தண்ணீர் குடிக்கிறோம். இமாச்சலம் இங்கே முடிந்து லடாக் தொடங்குகிறது. என் நைலாக் நட்டுகளின் கோடுகள் நேராக இருக்கின்றன. மூடிக் காதில் ஒரு கோடு சுமார் 2 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது. அந்தப் பெட்டிக்கும் ஒரு ரப்பர் பட்டை கட்டிவிட்டுப் படுக்கிறேன்.

புதன், லே

நீண்ட நாள். விடியும் முன்பே எழுந்து டார்ச் வெளிச்சத்தில் கோடுகளைப் பார்த்துவிட்டுக் கிளம்பினோம்.

கட்டா லூப்ஸில் 21 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்கு நடுவே தண்ணீர் பாட்டில்கள் குவிந்த சிறு கோயில் ஒன்று இருக்கிறது. பனியில் சிக்கித் தண்ணீருக்குத் தவித்து இறந்த லாரி கிளீனரின் நினைவாக என்று சொல்கிறார்கள். நாங்களும் ஒரு பாட்டில் வைத்தோம். அதன்பின் நகீ லா, லாச்சுலுங் லா, பாங். லாச்சுலுங் இறக்கத்தில் பாதை உடைந்து கிடந்த இடங்கள்தான் இந்தப் பயணத்தின் கடுமையான சோதனை. வாஷ்போர்டு போல அலையலையாக இறுகிப்போன மண். அதில் வேகம் குறைத்தால் ஒவ்வொரு அலையும் தனித்தனியாக இடிக்கும், கூட்டினால் வண்டி வழுக்கும். பாங் தாண்டி மோரே சமவெளி வந்ததும், சுமார் 40 கிலோமீட்டருக்கு நேரான, வழவழப்பான சாலை. இருபுறமும் மண் நிற மலைகள், மனித நடமாட்டமே இல்லாத விரிவு. இங்கே நிறுத்தி வண்டியை அணைத்தால் காதில் ரத்தம் ஓடும் சத்தம் கேட்கிறது.

டங்லங் லாவில், 5,300 மீட்டருக்கும் மேலே, ஒன்றைக் கவனித்தேன். சிப்ஸ் பாக்கெட்டுகள் உப்பியிருப்பதை இந்தப் பாதையில் வந்த எல்லோரும் பார்த்திருப்பார்கள். வெளியே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். ஓரத்தில் ரப்பர் பட்டை வைத்து மழைநீர் புகாமல் செய்த பெட்டிக்கும் அதே கதி. காலையில் கீழே மூடிய காற்று உள்ளிருந்து மூடியை மேலே தள்ளுகிறது. பெரும்பகுதி கசிந்துவிடும் என்றாலும், வலது பெட்டிக் கொண்டியைத் திறந்தபோது 'உஸ்' என்று சத்தம் வந்தது. அந்தத் தள்ளலைத் தாங்குவதும் அதே திருகுகள்தான். அதனால் ஒவ்வொரு கணவாய் உச்சியிலும் மூடியை ஒருமுறை திறந்து மூடுவது நல்லது. இறங்கும்போது இது தலைகீழாகும், மூடி உள்ளே உறிஞ்சிக்கொள்ளும், கொண்டி திறக்கக் கடினமாக இருக்கும். அப்போது கொண்டியை நெம்பித் திறந்தால் திருகுகளுக்குத்தான் அடி. மூடியின் ஒரு மூலையை லேசாகத் தூக்கிக் காற்றை உள்ளே விட்டால் தானாகத் திறக்கும்.

ரும்ட்சே, உப்ஷி, காரு, பிறகு சிந்து நதியை ஒட்டி லே. இருட்டும் நேரத்தில் வந்து சேர்ந்தோம். கோடுகளின் கணக்கு: நைலாக் நட்டுகளில் ஒன்றுகூட அசையவில்லை. ஸ்பிரிங் வாஷர் போட்டிருந்த வலது பெட்டியில், நேற்றுவரை உறுதியாக இருந்ததில், இரண்டு கோடுகள் உடைந்திருக்கின்றன. மூடிக் காதில் ஒரு திருகு கால் சுற்று வெளியே வந்துவிட்டது. ரப்பர் பட்டை இல்லாவிட்டால் காதே தொங்கியிருக்கும்.

வியாழன், லே

உடம்பு உயரத்துக்குப் பழக இன்று ஓய்வு. வண்டிகளுக்கு ஓய்வில்லை.

பஜாரில் ஹார்டுவேர் கடையில் எம்5, எம்6 நைலாக் நட்டு, அகல வாஷர், ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகள் எல்லாம் கிடைத்தன. ஒரு மெக்கானிக் பட்டறையில் டிரில் கேட்டோம். பட்டறைக்காரர் டிரில்லோடு டீயும் கொடுத்து, தானும் வந்து உட்கார்ந்துகொண்டார். இந்த சீசனில் கழன்ற பெட்டிகள் தினமும் வருகின்றன என்றார்.

முதலில் நண்பனின் டாப் பாக்ஸ். தேய்ந்த துளைகளை 5 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கி, ஊடுருவிப் போகும் போல்ட்டு போட்டோம். பிளாஸ்டிக்கின் இருபுறமும் அகல வாஷர், உள்பக்க வாஷருக்கு அடியில் ட்யூபிலிருந்து வெட்டிய வட்ட ரப்பர், நைலாக் நட்டு. ரப்பர் எதற்கென்றால், தண்ணீர் புகாமல் இருக்கவும், முறுக்கும்போது பிளாஸ்டிக் நேரடியாக நசுங்காமல் இருக்கவும். இங்கே உலோகத்துக்கு முறுக்கும் அளவு கூடாது. ரப்பர் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்திவிட்டார் அண்ணன், நைலான் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். போல்ட்டுத் தலையை உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்று பேச்சு வந்தது. வெளியே ஆலன் தலை இருந்தால் பூட்டியிருக்கும் பெட்டியை யாரும் ஒரு சாவியால் கழற்றிவிடலாமே என்றேன். நைலாக் நட்டாக இருப்பதால் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் சுற்றினால் நட்டும் கூடவே சுற்றும், எளிதில் வராது என்றார் அண்ணன். உள்ளே துருத்தி நிற்கும் போல்ட்டு முனை பைகளைக் கிழிக்காமல் இருக்க, முனைகளில் பழைய பெட்ரோல் ட்யூபிலிருந்து வெட்டிய துண்டுகளைச் செருகினோம். என் வலது பெட்டிக்கும் ஸ்பிரிங் வாஷர்களை எடுத்துவிட்டு நைலாக் போட்டாயிற்று.

பிறகு மூடிக் காது, லாக்டைட்.

இந்தப் பசையின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில், டிரினிட்டி கல்லூரி வேதியியல் பேராசிரியர் வெர்னான் க்ரீபிள் 1953இல் உருவாக்கியது. காற்றில் இருக்கும்வரை திரவமாகவே இருக்கும். காற்று வெளியேறி, சுற்றிலும் உலோகம் இருக்கும் இடுக்கில் மாட்டினால் இறுகி பிளாஸ்டிக் ஆகிவிடும். திருகுக்கும் நட்டுக்கும் நடுவே மரை இடுக்கு அப்படிப்பட்ட இடம்தானே. பாட்டில் புதிதாக வாங்கும்போதே முழுதாக நிரம்பியிருக்காது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம், உள்ளே காற்று இருந்தால்தான் பசை கெடாமல் இருக்கும் என்பதால் அப்படி நிரப்புகிறார்கள்.

நாங்கள் வைத்திருப்பது நீலநிற 243, நடுத்தர பிடிப்பு. சாதாரண ஸ்பேனர், ஆலன் கீ கொண்டே பின்னால் கழற்றலாம். சிவப்பு வகை வேண்டவே வேண்டாம். அதைக் கழற்ற 250 டிகிரி அளவுக்குச் சூடாக்க வேண்டும். அதற்குள் மூடியின் ரப்பர் பட்டை உருகிவிடும். அப்படியும் பிடித்து முறுக்கினால் ரிவெட் நட்டே தகட்டில் சுற்ற ஆரம்பித்துவிடும். சுற்ற ஆரம்பித்த ரிவெட் நட்டைத் துளையிட்டு எடுப்பதைத் தவிர வழியில்லை.

திருகுகளைக் கழற்றி, திருகு மரையையும் உள் மரையையும் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, வெயிலில் காய வைத்தோம். புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் பசை பிடிப்பது அதில்தான், உலோகத்தில் அல்ல. நட்டு பிடிக்கும் இடத்து மரையில் ஒரு சொட்டு. முறுக்கியபின் விளிம்பில் பிதுங்கியதைத் துடைத்தோம். ஸ்டெயின்லெஸ் திருகில் இது சாதாரண இரும்பைவிட மெதுவாகத்தான் இறுகும், குளிரில் இன்னும் மெதுவாக. ஜிஸ்பாவில் இதைத் தள்ளிப்போட்டதற்குக் காரணம் இதுதான். லேயின் பகல் வெயில் சுள்ளென்று அடித்தது. மூடிகளைக் கழற்றி நண்பகல் முழுவதும் முற்றத்தில் வெயில் பார்க்க வைத்து, ராத்திரி அறைக்குள் எடுத்து வந்தேன். சில நிமிடத்தில் அசையாது, ஆனால் முழு வலு வர 24 மணி நேரம் வேண்டும். நாளை மதியம் வரை அவற்றைத் தொடப் போவதில்லை. மதுரைக்காரன் முணுமுணுத்தான், அரை நாள் வீணாகிறதே என்று. அண்ணன் அவனுக்கு சாந்தி ஸ்தூபாவைக் காட்டக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

சனி, ஹுண்டர்

நேற்று மதியம் மூடிகளை மாட்டி, புதிதாகக் கோடு போட்டேன். இன்று கர்துங் லா. உச்சியில் 18,380 அடி என்றுதான் பலகை நெடுங்காலம் சொல்லிவந்தது. அளந்தவர்கள் 5,359 மீட்டர் என்கிறார்கள், அதாவது அந்தப் பலகையில் இருந்ததைவிட ஏறக்குறைய 800 அடி குறைவு. உயரம் எப்படியிருந்தாலும் உச்சியில் மூச்சு வாங்கியது நிஜம். மேல்பகுதியில் பாதை உடைந்து, சேறும் கல்லுமாக நீண்ட தூரம். வடக்குப் புல்லுவில் நிறுத்தி டீ குடித்தபடியே கோடுகளைப் பார்த்தோம். எல்லாம் நேர். ஹுண்டர் மணல்மேட்டுக்கு வந்ததும் மறுபடி பார்த்தோம். மூடிக் காதின் திருகுகளும், நண்பனின் டாப் பாக்ஸும், வலது பெட்டியும் அப்படியே இருக்கின்றன. ரப்பர் பட்டைகளை அவிழ்த்து டூல் பையில் போட்டுவிட்டார் அண்ணன்.

ஜிஸ்பா பதிவைப் படித்துவிட்டுச் சிலர் என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பெட்டியில் எந்த அளவு திருகு என்று கிளம்பும் முன் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் எம்5 அல்லது எம்6. அதற்கு நைலாக் நட்டு பத்துப் பன்னிரண்டு, அகல வாஷர், நீளம் கொஞ்சம் கூடுதலான போல்ட்டு நாலைந்து. பொருந்தும் ஆலன் கீயும் 8, 10 ஸ்பேனரும். உலோகப் பெட்டி என்றால் 243 ஒரு சின்ன பாட்டில். பிளாஸ்டிக் பெட்டி என்றால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு, அந்த இடத்தில் ட்யூப் ரப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். நகப்பூச்சு எந்த நிறமானாலும் சரி, கறுப்புப் பெட்டிக்கு வெள்ளை அல்லது மஞ்சள் நன்றாகத் தெரியும். கொண்டியை வீட்டிலேயே இப்படிப் பொருத்திக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. திருகுத் தலைக்கு அடியில் இருக்கும் பெயிண்டைச் சுரண்டிவிடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் திருகு நேராகத் தொட்டால், மழையும் உப்பும் படும் ஊர்களில் அலுமினியம் அரிக்கும். நம் கடற்கரை ஊர்க்காரர்கள் பெயிண்டை விட்டுவைப்பதே நல்லது. அதற்குப் பதிலாக, பொருத்தி நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் ஒருமுறை மறுபடி முறுக்கிவிட்டுக் கோடு போடுங்கள். பெயிண்ட் அமுங்குவதெல்லாம் அதற்குள் அமுங்கிவிடும்.

நாளை ஷியோக் ஆற்றை ஒட்டி துர்துக். அங்கே ஆப்ரிகாட் காயவைத்திருப்பார்களாம். இடது பெட்டியில் இரண்டு கிலோவுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறேன்.